இந்திய சினிமா வரலாறு: புதுசா பாக்க வர்றவங்க எந்தப் பக்கம் இருந்து உள்ள நுழையலாம்?

புதுமுகம்98
எல்லாருக்கும் வணக்கம். நான் இதுவரைக்கும் பாத்தது பூரா 2000க்கு அப்புறம் வந்த தமிழ்ப் படங்கதான், கூட கொஞ்சம் டப்பிங் தெலுங்கு. பழைய படம்னா டிவில ஓடுறப்ப சேனலை மாத்துற ஆளுதான். இப்ப உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு. தேடுனா ரெண்டே விதமாதான் கிடைக்குது, ஒண்ணு 1913, 1931, 1955னு பாடப்புத்தகம் மாதிரி வருஷப் பட்டியல், இன்னொண்ணு கட்டாயம் பாக்க வேண்டிய நூறு படம்னு ஒரு லிஸ்ட். எனக்கு வேண்டியது அது ரெண்டும் இல்ல, ஏன் இப்படி ஆச்சுங்கறது. ஏன் நம்ம படத்துல இவ்ளோ பாட்டு, ஏன் இவ்ளோ நீளம், ஏன் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி சினிமா? தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க, நீளமா இருந்தாலும் படிச்சுடுவேன்.

கொட்டகைக்காரன்
நல்ல கேள்வி தம்பி. நீங்க கடைசியா கேட்டீங்களே, ஏன் மொழிக்கு ஒரு சினிமானு, அதுல இருந்துதான் மத்ததெல்லாம் புரியும். அதனால அதையே முதல்ல பிடிக்கறேன்.

1896 ஜூலை 7 அன்னைக்கு லூமியேர் சகோதரர்களோட ஆளுங்க பம்பாய் வாட்சன் ஹோட்டல்ல துண்டுப் படங்களைப் போட்டுக் காட்டுனாங்க. பாரிஸ்ல முதல் காட்சி நடந்து ஏழு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள இங்க வந்துடுச்சு. அப்புறம் 1913ல தாதாசாகேப் ஃபால்கே ராஜா ஹரிச்சந்திரா எடுத்தார். இதெல்லாம் எந்தப் பட்டியல்லயும் இருக்கும். பட்டியல்ல இல்லாத விஷயம் என்னன்னா, ஊமைப்படக் காலத்துல இந்தியா முழுசும் ஒரே சந்தை. பம்பாயில எடுத்த படம் சென்னையிலயும் ஓடும், கல்கத்தாவுலயும் ஓடும், லாகூர்லயும் ஓடும், ஏன்னா அதுல பேச்சே கிடையாது, நடுநடுவுல வர்ற எழுத்து அட்டையை மட்டும் அந்தந்த ஊர் மொழியில போட்டாப் போதும், படிக்கத் தெரியாத ஜனங்களுக்குத் திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு கதையைச் சத்தமா சொல்லிட்டே இருப்பார்.

1931ல பேச்சு வந்துச்சு. அன்னைக்கே அந்த ஒரே சந்தை மொழிவாரியா உடைஞ்சு போச்சு. தமிழ் பேசுற படத்தை லாகூர்ல யார் பாப்பாங்க? ஆனா அதே நேரத்துல அதுவரைக்கும் பம்பாய்க் கம்பெனிகளோட போட்டி போட முடியாம இருந்த மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் சொந்த ஜனங்க கிடைச்சாங்க. இன்னைக்கு நாம தமிழ் சினிமா, வங்காள சினிமா, மலையாள சினிமானு சொல்றதெல்லாம் அந்த உடைசல்ல பொறந்ததுதான். அதுக்கு அப்புறம் நடந்த தொண்ணூறு வருஷத்தையும், உடைஞ்ச துண்டுங்க ஒண்ணை ஒண்ணு எப்படித் தொட்டுக்கிட்டே இருந்துச்சுனு பாத்தா இந்திய சினிமா வரலாறு பிடிபடும்னு நான் நினைக்கறேன். பம்பாயை மட்டும் நடுவுல வெச்சு மத்ததை ஓரத்துல எழுதுற வரலாறு எனக்கு ஒத்து வரல.

மாட்டுங்கா_மணி
கொட்டகைக்காரன் சார் சொன்னதுல பெரும்பாலும் சம்மதம், ஆனா ஃபால்கேவை ஒரு வரியில தாண்டிப் போறது சரியில்ல. புதுசா வர்றவங்களுக்கு அந்த மனுசன் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகணும். ஏசு கதையைப் படமா பாத்துட்டு, இதே மாதிரி நம்ம ராமனையும் கிருஷ்ணனையும் திரையில பாக்க மாட்டோமானு அவருக்குத் தோணுச்சு. இன்சூரன்ஸ் பாலிசியை அடமானம் வெச்சு 1912ல லண்டன் போய் கேமரா வாங்கிட்டு வந்தார். அந்தக் காலத்து ஃபிலிம் ஓரத்துல ஓட்டையில்லாம வரும், அதுல ஓட்டை போடுறது, இருட்டு அறையில கழுவுறது எல்லாத்தையும் அவர் மனைவி சரஸ்வதிபாய் கத்துக்கிட்டு செஞ்சாங்க, யூனிட்டுக்குச் சமைச்சுப் போட்டதும் அவங்கதான். இந்திய சினிமாவோட முதல் டெக்னீஷியன்கள்ல ஒரு பெண் இருக்காங்கங்கறதைப் பல பேர் சொல்றதே இல்ல.

அவ்ளோ தேடியும் நடிக்க ஒரு பெண் கிடைக்கல. கடைசியில கிராண்ட் ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை பாத்துட்டிருந்த அண்ணா சாலுங்கேங்கற பையனுக்குப் புடவை கட்டி ஹரிச்சந்திரனோட மனைவி தாராமதி ஆக்குனார். 1917ல லங்கா தகனம் எடுத்தப்ப அதே சாலுங்கேதான் ராமன், அவரேதான் சீதை. அதுக்கு நடுவுல 1913லயே மோகினி பஸ்மாசுரன் படத்துல துர்காபாய் காமத்தும் அவங்க மக கமலாபாயும் நடிச்சாங்க, நம்ம படங்கள்ல தெரியற முதல் நடிகைகள் அவங்கதான்.

கோவைக்கிளி
ஃபால்கேவுக்கு முன்னாடியே எங்க பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்காருங்க, சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில ரயில்வேல வேலை. 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் ஊரா படம் காட்டிட்டு வந்தவர் உடம்பு சரியில்லாமத் திரும்பிப் போகணும்னு ஆனப்ப, அவரோட புரொஜெக்டரையும் படச்சுருளையும் விலைக்கு வாங்கிட்டு, வேலையை விட்டுட்டு டென்ட் போட்டு ஊர் ஊரா படம் காட்டக் கிளம்பிட்டார். 1914ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டுனார், இன்னைக்கும் அந்த ரோட்டுக்கு அதுதாங்க பேரு.

எனக்கு இது ஏன் முக்கியம்னா, வரலாறு எழுதறவங்க படம் எடுத்தவங்களை மட்டுமே எழுதறாங்க. படத்தை ஜனங்ககிட்ட கொண்டு போனவங்க இல்லனா சினிமா நாலு பெரிய ஊரோட நின்னுருக்கும். டென்ட் கொட்டகை இருந்ததாலதான் கரண்ட்டே இல்லாத ஊர்லயும் மண்ணைக் குவிச்சு உக்காந்து தரை டிக்கெட்ல படம் பாத்தாங்க. தரை, பெஞ்சு, சேர்னு விலை வேற வேறயா இருந்தாலும் எல்லா சாதிக்காரங்களும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து ஒரே நேரத்துல சிரிச்சது அழுதது அங்கதான். கோயிலுக்குள்ள விடாத காலத்துல கொட்டகைக்குள்ள போக முடிஞ்சுச்சு. அதோட கனத்தை இன்னைக்கு நாம உணர்றது கஷ்டம்.

புதுமுகம்98
கோவைக்கிளி மேடம் இதெல்லாம் கேள்விப்பட்டதே இல்ல, ரொம்ப நன்றி. சரி, அந்தப் பாட்டு விஷயம்? ஹாலிவுட்ல மியூசிக்கல்னு தனியா ஒரு வகை இருக்கு, நம்மகிட்ட கொலைக் கதையிலயும் பாட்டு வருதே.

ராகதீபம்
இதுக்கு நான் வரேன், இது நம்ம ஏரியா.

பாட்டு சினிமாவுல சேர்த்தது இல்ல ப்ரோ, சினிமாதான் பாட்டுக்குள்ள வந்து சேர்ந்துச்சு. பேசும் படம் வந்தப்ப நடிக்கத் தெரிஞ்சவங்கன்னு இருந்தது யாரு? நாடகக் கம்பெனி ஆளுங்க. தமிழ்நாட்டுல சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின நாடகங்கள், பையன்களை வெச்சே நடத்தின பாய்ஸ் கம்பெனிகள், ராஜபார்ட்னா நாயக வேஷம், ஸ்திரீபார்ட்னா பெண் வேஷம், மைக் இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி விடிய விடிய பாடணும். வடக்க பார்சி நாடகக் கம்பெனிங்களும் அப்படித்தான். கோபம் வந்தா பாட்டு, தர்க்கம் பண்ணினா பாட்டு, செத்துப்போனா பாட்டு. அதையே கேமராவுக்கு முன்னால செஞ்சாங்க.

ஆலம் ஆரா, இந்தியாவோட முதல் பேசும் படம், அர்தேஷிர் இரானி எடுத்தது, 1931 மார்ச் 14ல பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டர்ல வந்துச்சு, ஏழு பாட்டு. அடுத்த வருஷமே இந்திரசபாங்கற படத்துல கிட்டத்தட்ட எழுபது பாட்டு. தமிழ்ல எம்.கே.தியாகராஜ பாகவதரோட முதல் படம் பவளக்கொடி, 1934, ஐம்பது பாட்டுனு சொல்வாங்க. அப்ப நீளத்துக்கும் காரணம் புரியுதா, ராத்திரி முழுக்க நாடகம் பாத்துப் பழகின ஜனங்களுக்கு ஒன்றரை மணி நேரப் படம் போட்டா காசு திரும்பக் கேப்பாங்க. அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல ஃபிலிம் தட்டுப்பாடு வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல போகக்கூடாதுனு சர்க்கார் கட்டுப்பாடு போட்டப்பதான், அதாவது ஏறக்குறைய ரெண்டு மணி நேரம், பாட்டு எண்ணிக்கையும் இறங்குச்சு.

ஆரம்பத்துல படமும் சத்தமும் ஒண்ணா ஒரே நேரத்துல பதிவாகும். அப்ப நடிகர் நடிச்சுக்கிட்டே பாடணும், தபலா, ஆர்மோனியம்காரங்க கேமராவுல தெரியாம மரத்துக்குப் பின்னால, திரைக்குப் பின்னால ஒளிஞ்சு வாசிப்பாங்க, நடிகர் கொஞ்சம் தள்ளி நகர்ந்தா மைக்ல குரல் விழாது, அதனாலதான் பழைய படங்கள்ல ஆளுங்க ஒரே இடத்துல நட்டு வெச்ச மாதிரி நிப்பாங்க. தயவுசெஞ்சு அதைப் பாத்து நடிக்கத் தெரியாதவங்கன்னு நினைச்சுடாதீங்க, அவங்களைக் கட்டிப் போட்டது மைக். ஆலம் ஆரா எடுத்த ஸ்டுடியோ பக்கத்துல ரயில் ஓடுனதால ரயில் சத்தம் அடங்குற நடுராத்திரியிலதான் ஷூட்டிங்கே நடந்துச்சு.

1935ல கல்கத்தா நியூ தியேட்டர்ஸ்ல நிதின் போஸ் படத்துல பின்னணிப் பாட்டு வந்துச்சு. முன்னாலயே பாட்டைப் பதிவு பண்ணிட்டு நடிகர் வாயசைச்சாப் போதும். தமிழ்ல ஏவிஎம் மெய்யப்பச் செட்டியார் 1938ல நந்தகுமார் படத்துல இதைக் கொண்டு வந்தார். இது ஏதோ சின்ன டெக்னிக்கல் மாற்றம்னு தோணும், ஆனா இதுதான் எல்லாத்தையும் மாத்துச்சு. அழகா இருக்கறவங்க வேற, அழகா பாடறவங்க வேறன்னு ஆச்சு. கேமரா நகர ஆரம்பிச்சுச்சு. லதா மங்கேஷ்கர், டி.எம்.எஸ், பி.சுசீலானு குரலுக்கே தனியா ரசிகர் கூட்டம் வந்துச்சு. எம்ஜிஆருக்குப் பாடும்போது ஒரு டி.எம்.எஸ், சிவாஜிக்குப் பாடும்போது வேற டி.எம்.எஸ், கண்ணை மூடிக் கேட்டாலே யாருக்குப் பாடறார்னு சொல்லிடலாம். அந்தக் கலை உலகத்துல வேற எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு சொல்ல முடியாது.

அடைமழை
பாட்டு இல்லாம எடுக்க முடியும்னும் நம்மாளுங்க அப்பவே காட்டிட்டாங்க. 1954, அந்த நாள், எஸ்.பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு, சிவாஜி, பண்டரிபாய். ஒரு பாட்டுகூடக் கிடையாது. ஒரு கொலை, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க. படம் ஆரம்பிச்ச உடனே ஹீரோ சுடப்பட்டு செத்துடறார். வீணை பாலசந்தர்னு பேர் வாங்கின சங்கீத வித்வான்தான் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார்ங்கறதை நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம். புதுமுகம், கறுப்பு வெள்ளைக்குப் பயப்படற ஆளா இருந்தா இதுல இருந்து ஆரம்பிங்க, சேனல் மாத்த மாட்டீங்க.

நெகட்டிவ்பெட்டி
எல்லாரும் ஆலம் ஆரா, அதே 1931ல வந்த தமிழோட முதல் பேசும்படம் காளிதாஸ்னு பேசறோம். ரெண்டையும் நம்ம யாரும் பாத்ததில்ல, இனிமே பாக்கவும் முடியாது, ஒரு பிரதிகூட மிச்சம் இல்ல. புதுசா வர்றவங்ககிட்ட இதை முதல்ல சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா இந்திய சினிமா வரலாறுல பாதி, பாக்கவே முடியாத படங்களோட வரலாறு. ஊமைப்படம் மட்டும் ஆயிரத்துக்கு மேல எடுத்துருக்காங்க, மிஞ்சினது ரொம்பக் கொஞ்சம், அதுலயும் பல துண்டு துண்டா. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், சூட்டுலயும் ஈரத்துலயும் பிசுபிசுத்துப் போகும். படம் ஓடி முடிஞ்சா அதுக்கு மதிப்பில்லனு அதுல இருக்கற வெள்ளியை உருக்கி எடுக்க வித்துட்டாங்க. தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் புனேல ஆரம்பிச்சதே 1964லதான், அதுக்குள்ள முக்கால்வாசி போயிடுச்சு. பி.கே.நாயர்னு ஒருத்தர் அங்க இருந்து ஊர் ஊரா அலைஞ்சு சேர்க்கலனா இப்ப இருக்கறதும் இருந்திருக்காது.

தென்னிந்தியாவுல முதல் ஊமைப்படம் எடுத்தது நடராஜ முதலியார், மோட்டார் உதிரிபாக வியாபாரம் பண்ணிட்டிருந்தவர், மெட்ராஸ் புரசைவாக்கம் பக்கத்துல ஸ்டுடியோ போட்டு கீசக வதம் எடுத்தார். அது இல்ல. மெட்ராஸ்ல அதுக்கு அப்புறம் எடுத்த ஊமைப்படங்களும் இல்ல. தென்னிந்திய ஊமைப்படங்கள்ல முழுசா கைக்குக் கிடைச்சது மார்த்தாண்ட வர்மா, 1933, நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரிச்சது. அது எப்படிப் பிழைச்சுது தெரியுமா? அந்தக் கதையோட மூல நாவல் உரிமை எங்ககிட்ட இருக்குன்னு பதிப்பகத்தார் வழக்குப் போட்டு, படம் வந்த சூட்டோட நிறுத்தி, பிரதியை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. பல வருஷம் கழிச்சு 1974ல அந்தப் புத்தகக் கடையில இருந்து காப்பகத்துக்கு வந்துச்சு. கொட்டகை கொட்டகையா ஓடியிருந்தா தேய்ஞ்சே போயிருக்கும்.

மாட்டுங்கா_மணி
நெகட்டிவ்பெட்டி, ரோசி பத்தியும் சொல்லுங்க. அதைச் சொல்லாம விடக்கூடாது.

நெகட்டிவ்பெட்டி
சொல்றேன். விகதகுமாரன், மலையாளத்தோட முதல் படம், ஊமைப்படம். எடுத்தவர் ஜே.சி.டேனியல், இன்னைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர், சொத்தை வித்து எடுத்தார். கதாநாயகி பி.கே.ரோசி, தலித் பெண், திரையில நாயர் பெண்ணா நடிச்சாங்க. திருவனந்தபுரத்துல படம் போட்டப்ப, ஒரு தலித் பெண் எப்படி நாயர் வேஷம் கட்டலாம்னு மேல்சாதிக்காரங்க கலாட்டா பண்ணி திரையைக் கல்லால அடிச்சுக் கிழிச்சாங்க. ரோசி ஊரை விட்டே துரத்தப்பட்டு தமிழ்நாட்டுப் பக்கம் வந்துட்டாங்க, அதுக்கு அப்புறம் சினிமாவுல அவங்க இல்லவே இல்ல. படமும் இல்ல. கொட்டகையில எல்லாரும் ஒண்ணா உக்காந்தாங்கன்னு கோவைக்கிளி சொன்னது உண்மைதான், ஆனா திரைக்குள்ள யார் வரலாம்ங்கறதுல அந்தச் சுவர் அப்படியே நின்னுச்சு. ரெண்டையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கணும்.

கோவைக்கிளி
சரிதாங்க, முழுசா ஒத்துக்கறேன். பெண்கள்னு பேச்சு வந்ததால இன்னும் ரெண்டு பேரு. காளிதாஸ் நாயகி டி.பி.ராஜலட்சுமி, நாடகத்துல இருந்து வந்தவங்க, 1936ல மிஸ் கமலான்னு ஒரு படத்தை அவங்களே எழுதித் தயாரிச்சு இயக்கினாங்க, தென்னிந்தியாவோட முதல் பெண் இயக்குநர். இன்னொருத்தர் மீனாட்சி நாராயணன். அவங்க வீட்டுக்காரர் ஏ.நாராயணன் 1934ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஸ்ரீனிவாசா சினிடோன்தான் இங்க வந்த முதல் பேசும்பட ஸ்டுடியோ, அங்க ஸ்ரீனிவாச கல்யாணம் படத்துக்கு ஒலிப்பதிவு பண்ணினது இவங்க. 1934ல, ஒரு பெண், சவுண்ட் இன்ஜினியர்! இவங்க பேரு பாடத்துல வரணுங்க.

புதுமுகம்98
1931ல காளிதாஸ், மெட்ராஸ்ல ஸ்டுடியோ வந்ததோ 1934. அப்ப காளிதாஸை எங்க எடுத்தாங்க?

கொட்டகைக்காரன்
சரியா பிடிச்சீங்க தம்பி, இதைத்தான் சொல்ல வந்தேன். காளிதாஸை எடுத்தது பம்பாயில. அர்தேஷிர் இரானியோட அதே கம்பெனி, ஆலம் ஆரா எடுத்த அதே செட், இயக்கம் ஹெச்.எம்.ரெட்டி. ராஜலட்சுமி தமிழ்ல பேசுவாங்க, ஹீரோ தெலுங்குல பதில் சொல்வார், நடுவுல தியாகராஜர் கீர்த்தனை, காந்தியோட ராட்டையைப் பத்தி ஒரு பாட்டு, காளிதாசன் கதைக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கேக்கல. 1931 அக்டோபர் 31ல மெட்ராஸ் கினிமா சென்ட்ரல்ல வந்தப்ப ஜனங்க அலைமோதுனாங்க.

உடைசலுக்கு அப்புறமும் துண்டுங்க தொட்டுக்கிட்டே இருந்துச்சுனு சொன்னேன்ல, பாருங்க. கன்னடத்தோட முதல் பேசும்படம் சதி சுலோசனா, 1934, எடுத்தது மராத்தி ஊரான கோலாப்பூர்ல. மலையாளத்தோட முதல் பேசும்படம் பாலன், 1938, எடுத்தது நம்ம சேலத்துல, டி.ஆர்.சுந்தரத்தோட மாடர்ன் தியேட்டர்ஸ். சதிலீலாவதியில எம்ஜிஆரை முதல்ல திரைக்குக் கொண்டு வந்தவர் எல்லிஸ் ஆர்.டங்கன், அமெரிக்கர், தமிழ் தெரியாது, அவர்தான் எம்.எஸ்.சுப்புலட்சுமியை வெச்சு சகுந்தலை, மீரானு எடுத்தார். 1948ல எஸ்.எஸ்.வாசன் சந்திரலேகா எடுத்தார், அந்த முரசு நடனத்துக்காகவே பாக்கலாம், அதை இந்தியிலயும் போட்டு வடக்க விளம்பரத்துக்கே பணத்தைக் கொட்டினார். மெட்ராஸ்காரன் இந்திப் படம் எடுத்து ஜெயிக்கலாம்னு கதவு திறந்தது அங்கதான். ஏவிஎம், பிரசாத் எல்லாரும் அந்த வழியா போனவங்க. 1950, 60கள்ல கோடம்பாக்கத்துல ஒரே காம்பவுண்டுக்குள்ள ஒரு ஃப்ளோர்ல தெலுங்கு, அடுத்த ஃப்ளோர்ல தமிழ், அதுக்கு அடுத்ததுல இந்தி நடக்கும், லைட்மேனும் டான்ஸ் மாஸ்டரும் எல்லாத்துக்கும் பொது. இன்னைக்கு பான் இந்தியானு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்க, அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாவே இருக்கு.

செங்காந்தள்
அரசியலை விட்டுட்டீங்களே தோழர்களே. 1921ல பக்த விதுரர்னு ஒரு ஊமைப்படம், மகாபாரதக் கதைதான், ஆனா விதுரருக்குக் காந்தி மாதிரி தொப்பியும் கதரும் போட்டுட்டாங்க, மெட்ராஸ்ல தடை. புராணம்னு ஒதுக்கற படங்களுக்குள்ள இவ்ளோ இருந்துச்சு. 1939ல கே.சுப்ரமணியம் தியாகபூமி எடுத்தார், கல்கி கதை, விகடன்ல தொடரா வந்தப்ப படத்தோட ஸ்டில்லைத்தான் போட்டாங்க, விட்டுட்டுப் போன புருசன் திரும்பி வந்து கூப்பிடறப்ப வர மாட்டேன், வேணும்னா ஜீவனாம்சம் தரேன்னு கோர்ட்ல சொல்ற நாயகி. வெள்ளைக்கார அரசாங்கம் அதையும் தடை பண்ணுச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் வேலைக்காரி, அண்ணா வசனம், 1949. பராசக்தி, கலைஞர் வசனம், கிருஷ்ணன் பஞ்சு இயக்கம், 1952 தீபாவளி, சிவாஜிக்கு முதல் படம். கோர்ட் சீன் வசனத்தைப் புத்தகமா போட்டு வித்தாங்க, இசைத்தட்டுல வந்துச்சு, டீக்கடையில கேட்டு மனப்பாடம் பண்ணினாங்க. படம் எழுதினவங்களும் நடிச்சவங்களும் பின்னால முதலமைச்சர் ஆனாங்கங்கறது வேற எந்த ஊர் சினிமாவுக்கும் இந்த அளவுக்குக் கிடையாது. ஆந்திராவுல என்.டி.ஆரைச் சொல்லலாம். பேச்சு வந்ததால மொழிவாரியா உடைஞ்சுதுனு கொட்டகைக்காரன் தோழர் சொன்னார், நான் ஒரு படி மேல போய்ச் சொல்றேன், பேச்சு வந்ததாலதான் தமிழ் மேடைத்தமிழ் வசனமா மாறி அரசியலாச்சு. பராசக்தியை இன்னைக்குப் பாத்தா வசனம் அதிகமா தெரியலாம். ஆனா கோயில் பூசாரியைப் பாத்து ஒருத்தன் திரையில கேள்வி கேக்கறதை முதல் தடவையா கேக்கறவன் காதோட கேளுங்க.

ஒளிக்கீற்று
எனக்கு இங்க மாற்றுக் கருத்து இருக்கு. வசனம் நம்ம சினிமாவைத் தூக்கி நிறுத்துச்சுனு சொல்றீங்க, அதே வசனம்தான் இருபத்தஞ்சு வருஷம் நம்ம கேமராவை முடக்கிப் போட்டுச்சு. அதே நேரத்துல வங்காளத்துல என்ன நடந்துச்சு பாருங்க. சத்யஜித் ராய் பதேர் பாஞ்சாலி ஷூட்டிங் ஆரம்பிச்சது 1952, பணம் தீர்ந்து தீர்ந்து நின்னு, மேற்கு வங்க அரசு காசு கொடுத்து, 1955ல வெளி வந்துச்சு. கேமராமேன் சுப்ரத மித்ராவுக்கு அதுக்கு முன்னால சினிமா கேமராவை ஓட்டின அனுபவமே இல்ல, இருபதுகள்ல இருந்த பையன். அடுத்த படம் அபராஜிதோவுல காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுல செட் போட்டாங்க. நிஜ முற்றத்துல வெளிச்சம் வானத்துல இருந்து பரவலா இறங்கும், நிழல் கூர்மையா விழாது. ஸ்டுடியோ லைட்டை நேரா அடிச்சா அது வராது. அவர் செட்டுக்கு மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, லைட்டை அதுல அடிச்சு, அது திரும்பி விழற வெளிச்சத்துல எடுத்தார். 1956. உலகத்துலயே அப்ப அப்படிப் பண்ணினவங்க ரொம்பக் கம்மி. முகம் முகமா தெரிய ஆரம்பிச்சது அங்க.

தமிழ்ல அந்த வெளிச்சத்துக்கு நாம 1970களோட கடைசி வரைக்கும் காத்திருந்தோம். 1977ல பாரதிராஜாவோட 16 வயதினிலே, செட் கிராமத்தை விட்டு வெளிய வந்துச்சு. 1978ல மகேந்திரனோட முள்ளும் மலரும், கேமரா பாலு மகேந்திரா, புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்சவர். மகேந்திரன் அதுல வசனத்தை வேணும்னே குறைச்சார், ரஜினியை அவ்ளோ அமைதியா நீங்க வேற எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. 1976ல அன்னக்கிளியோட வந்த இளையராஜா, அந்த மௌனத்தை நிரப்பாம அதுக்குப் பக்கத்துல உக்காந்த மாதிரி இசை போட்டார். என்னைக் கேட்டா தமிழ் சினிமா கண்ணைத் திறந்து பாத்தது அந்த மூணு நாலு வருஷம்தான்.

செங்காந்தள்
அந்த மகேந்திரனே வசனம் எழுதி வந்தவர்தான் தோழர், சிவாஜிக்குத் தங்கப்பதக்கம் எழுதினவர். ஒரு கட்டம் இல்லாம அடுத்தது வராது.

ஒளிக்கீற்று
அது நியாயம். ஆனா ராய் படம் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுங்கறதும் உண்மைதானே.

அடைமழை
ரெண்டு பேரும் விட்ட ஒண்ணு, அந்த நடுவுல அரசாங்கமும் ஜனங்களும் காசு போட்டு எடுத்த படங்க. 1969ல மிருணாள் சென்னோட புவன் ஷோம், மத்திய அரசோட ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடன்ல எடுத்தது. மலையாளத்துல 1972 அடூர் கோபாலகிருஷ்ணனோட சுயம்வரம். 1976ல ஷியாம் பெனகலோட மந்தன், குஜராத் பால் கூட்டுறவுல இருந்த 5 லட்சம் விவசாயிங்க ஆளுக்கு 2 ரூபா போட்டுத் தயாரிச்சாங்க, படம் வந்தப்ப லாரி லாரியா வந்து அவங்க படத்தை அவங்களே பாத்தாங்க. 2024ல அதைப் புதுப்பிச்சு கான் விழாவுல திரையிட்டாங்க. அதே 1975, 76ல இன்னொரு பக்கம் ஷோலே பம்பாய் மினர்வா தியேட்டர்ல அஞ்சு வருஷ ஓட்டத்தை ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டும் ஒரே நாட்டுல ஒரே நேரத்துல நடந்துச்சுங்கறதுதான் எனக்கு இதுல பிடிச்ச விஷயம்.

புதுமுகம்98
தலை சுத்துது, ஆனா சந்தோசமா. 80களுக்கு அப்புறம் சுருக்கமா யாராவது?

கொட்டகைக்காரன்
அது உங்களுக்கே பாதி தெரியும், வேகமா சொல்லிடறேன். 80கள்ல கலர் டிவியும் வீடியோ கேசட்டும் வந்து கொட்டகை காலியாச்சு, டென்ட் எல்லாம் ஒவ்வொண்ணா கல்யாண மண்டபம், குடோன் ஆச்சு. 1992ல ரோஜா, ஏ.ஆர்.ரஹ்மான், இந்தியில டப் ஆகி நாடு முழுக்க ஒரே பாட்டை முணுமுணுத்துச்சு, 1931ல உடைஞ்சதை ஒரு தமிழ்ப் படத்தோட பாட்டு கொஞ்ச நேரம் ஒட்ட வெச்ச மாதிரி எனக்குத் தோணும். 1998ல மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்துச்சு, அதுக்கு முன்னால பேங்க்ல கடன் கிடைக்காது, வட்டிக்குத்தான் வாங்கணும். மல்ட்டிபிளெக்ஸ் வந்துச்சு, தரை டிக்கெட் போச்சு. 2010களோட நடுவுல ஃபிலிம்ல எடுக்கறதும் கிட்டத்தட்ட நின்னுச்சு. 2015ல பாகுபலியைத் தெலுங்குலயும் தமிழ்லயும் சேர்த்தே எடுத்தாங்க. 2020ல கொட்டகை மூடினப்ப படம் நேரா ஃபோனுக்கு வந்துச்சு, சப்டைட்டிலோட. ஊமைப்படத்துக்கு அந்தந்த மொழி எழுத்து அட்டை போட்டாங்களே, அதே வேலையைத்தான் இப்ப சப்டைட்டில் பண்ணுது. ஒரு மலையாளச் சின்னப் படத்தை மதுரையில டப்பிங் இல்லாமப் பாக்கறவங்க இப்ப நிறைய.

நெகட்டிவ்பெட்டி
டிஜிட்டல்னா பத்திரம்னு நினைக்கறாங்க, அதுவும் இல்ல. ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போகும், ஃபார்மட் மாறிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவை ஒழுங்கா குளிர்ல வெச்சா நூறு வருஷம் தாண்டும். 2000களோட ஆரம்பத்துல டிஜிட்டல்ல எடுத்த படங்களோட மூலப் பிரதி எங்க இருக்குன்னு எடுத்தவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க.

புதுமுகம்98
சரி, முடிவா கேக்கறேன். முதல் அஞ்சு படம் எந்த வரிசையில பாக்கட்டும்? 1913ல இருந்து கீழ வரவா?

மாட்டுங்கா_மணி
வரிசையாவே வாங்க தம்பி. ராஜா ஹரிச்சந்திராவுல மிச்சம் இருக்கற பகுதி நெட்லயே கிடைக்குது, கொஞ்ச நேரம்தான். அந்தக் குளத்துக் காட்சியைப் பாருங்க, தண்ணில நனைஞ்ச புடவையோட இருக்கறது பூராவும் ஆம்பளைங்க.

கொட்டகைக்காரன்
நான் ஒத்துக்க மாட்டேன் மணி சார். மேல இருந்து கீழ வந்தா 1940 தாண்டறதுக்குள்ள விட்டுடுவாங்க, நிறைய பேரைப் பாத்துட்டேன். தம்பி, உங்களுக்குப் பிடிச்ச ஒரு படத்துல இருந்து பின்னால நடங்க. முதல்ல முள்ளும் மலரும், காது கண் ரெண்டும் பழகும். அடுத்து அந்த நாள். அதுக்கு அப்புறம் பதேர் பாஞ்சாலி, அவசரப்படாம, ஃபோனைத் தள்ளி வெச்சுட்டு. நாலாவது சந்திரலேகா, முடிஞ்சா பெரிய திரையில. அஞ்சாவது ஹரிதாஸ், 1944, மூணு தீபாவளி பாத்த படம், பாகவதர் குரலுக்காக. அந்தப் படம் ஓடிட்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன்ங்கற பத்திரிகைக்காரர் கொலை வழக்குல அவரைக் கைது பண்ணிட்டாங்க, 1947ல விடுதலை ஆகி வந்தப்ப கைவசம் இருந்த படமெல்லாம் போயிருந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தப் பாட்டுங்களைக் கேளுங்க.

ராகதீபம்
ஹரிதாஸ் பாக்கும்போது ஒரு வேலை பண்ணுங்க, பாட்டுக்கு நடுவுல அவர் எங்க மூச்சு எடுக்கறார்னு கவனிங்க. நாடகத்துல மைக் இல்லாமப் பாடிப் பழகின நுரையீரல் அது. அதுக்கு அப்புறம் 1950கள்ல இருந்து ஒரு டி.எம்.எஸ் பாட்டு கேளுங்க, மைக்குக்குப் பக்கத்துல நின்னு சின்னச் சின்னக் குழைவு கொடுக்கறது வேற மாதிரி இருக்கும். நான் மேல எழுதினது அத்தனையும் அந்த ரெண்டு பாட்டுல கேக்கும்.

புதுமுகம்98
முள்ளும் மலரும் இன்னைக்கு நைட்டு. பாத்துட்டு வந்து அந்த வசனம் சண்டையில நான் எந்தப் பக்கம்னு சொல்றேன் செங்காந்தள், ஒளிக்கீற்று.